சுகந்தியின் சொந்தக் குரல்

1

என் மனைவி சுகந்திக்கு வருஷத் திதி முடிந்தது. காலையிலேயே வருவதாகச் சொன்ன ஐயர், பாலத்தில் நெரிசல் என்று மத்தியானம் தாண்டித்தான் வந்தார். பட்டர்வொர்த்தில் ஒரு புதுமனை புகுவிழாவை முடித்துவிட்டு, அந்த முகத்தோடேயே எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, சிரித்துக்கொண்டே "எல்லாம் ரெடியா?" என்றார். மனிதர் மீது குற்றமில்லை. இந்தப் பினாங்குத் தீவுக்கும் அக்கரைக்கும் அவர் ஒருவர்தான் ஓட வேண்டியிருக்கிறது. எல்லா வீட்டு நல்லதும் கெட்டதும் அவருக்கு ஒரே நாளில் வந்துவிடும்.

அவர் போன பிறகு நானும் என் மகள் நிலாவும் சாப்பிட்டோம். அவளுக்குப் பதினாறு வயது. இலையை மடித்துக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் ஏதோ மறந்து வைத்துவிட்டு வந்ததைப் போலச் சொன்னாள்.

"அப்பா, அம்மா வாய்ஸ் எனக்கு மறந்து போச்சுப்பா."

அப்படியெல்லாம் மறக்காதும்மா என்றேன்.

"அம்மா சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு. 'இன்னும் குளிக்கலையா', 'ஷூவ அங்க போடாதே', எல்லாம் இருக்கு. ஆனா சவுண்ட் இல்ல. சப்டைட்டில் மாதிரி கீழ ஓடுது லா."

அந்தக் குரலை எங்கிருந்தாவது கொண்டுவந்து என் பெண்ணிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. அது பெரிய வேலையாக இருக்காது என்றும் நினைத்தேன். ஏனென்றால் சுகந்தியின் தொழிலே குரல்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருபது வருஷத்துக்கு முன்பு டிவியில் தமிழ் பேசும் ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்து வளர்ந்திருந்தால், என் மனைவியின் குரலை நீங்களும் சமையலறையிலிருந்து கேட்டிருப்பீர்கள்.

2

நான் அப்போது அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் இருந்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் என்ன செய்கிறாள் என்று என் அக்கா கேட்டாள். சுகந்தியின் அப்பா தயங்கித் தயங்கி, "டப்பிங் பேசுது" என்றார். சினிமாவா என்று அக்காவின் முகம் சுருங்கியது. "இல்லீங்க, கார்ட்டூன்தான்" என்று அவர் அவசரமாகச் சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

சாலிகிராமத்தில் ஒரு சந்துக்குள், கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும் அறையில் அவளுக்கு வேலை. ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டினாள். அங்கே எனக்குத் தெரிந்தது, ஜப்பானியக் கார்ட்டூனில் பெண்கள் நான்கைந்து வகைதான் என்பது. பெயர்கள் ஒன்றும் வாயில் நுழையாததால், பேசுகிறவர்களே வகைக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எரிந்து எரிந்து விழுந்துவிட்டு உள்ளுக்குள் உருகுகிறவள் சிடுமூஞ்சி. உலகமே இடிந்தாலும் முகம் மாறாமல் இரண்டு வார்த்தையில் முடிப்பவள் ஐஸ்கட்டி. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுச் சிரித்துக்கொண்டே நிற்கும் பெரிய அக்கா சர்க்கரைப் பொங்கல். கதாநாயகனைச் சின்ன வயதிலிருந்தே விரும்பி, கடைசியில் அவன் இன்னொருத்தியோடு போவதைப் பார்த்துக் கையசைப்பவள் வெறும் 'பாவம்'. சுகந்திக்குப் பெரும்பாலும் சிடுமூஞ்சிதான் கிடைக்கும்.

"இன்னும் மேல, இன்னும் மேல" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டைரக்டர் கத்துவார். பெண்ணுக்குக் கோபம் வந்தாலும் குரல் இனிக்க வேண்டும். அழுதாலும் மூக்கு அடைக்கக் கூடாது. வசனம் இல்லாத இடத்திலும் அவள் சும்மா நிற்கக் கூடாது. ஹா, ம்ம், ஐயோ என்று ஏதாவது ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். பையன் பேசாமல் நின்றால் யோசிக்கிறான் என்று விட்டுவிடுவார்கள். பெண் பேசாமல் நின்றால் படம் தொங்குகிறதாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது.

சின்னப் பையன்களுக்கும் பெண்கள்தான் குரல் கொடுப்பார்கள். அந்த நாட்களில் மட்டும் அவள் துள்ளிக்கொண்டு வருவாள். "இன்னைக்கு வயிறு நிறையக் கத்தினேங்க. பசிக்குதுன்னு கத்தினேன், தோத்துட்டேன்னு கத்தினேன். பொண்ணா இருந்தா இதையெல்லாம் சிணுங்கணும்" என்பாள்.

3

கல்யாணமான மறுவருஷம் எனக்குப் பினாங்கில் வேலை கிடைத்தது. டப்பிங்கை விட்டுவிட்டு வருகிறோமே என்று அவள் ஒரு நாள் அழுதாள், அவ்வளவுதான். இங்கே அவள் குரலுக்குக் கிடைத்த வேலை, ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்து கிளினிக்கில் பெயர் கூப்பிடுவது. மலாய்க்காரப் பெயர், சீனப் பெயர், நம் பெயர், யாருடையதையும் கடித்துக் குதறாமல் கூப்பிட வேண்டும். காத்திருக்கும் கிழவர்களுக்குக் காது கேட்க வேண்டும். அழுகிற குழந்தைக்கு மேலாகவும் கேட்க வேண்டும். கண்ணாடி மாதிரிக் குரலை வைத்துக்கொண்டு அங்கே ஒரு நாள் தள்ள முடியாது.

வந்த புதிதில் இங்குள்ளவர்கள் எதற்கெடுத்தாலும் 'லா' போடுவதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு அவளே போட ஆரம்பித்தாள். சந்தைக்குப் போவதைப் பாசாருக்குப் போவதென்றாள். ஒருமுறை சென்னையிலிருந்து அவள் தங்கை போனில், "என்னடி இது, யாரோ பேசற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். சுகந்தி போனை வைத்துவிட்டு, "நான் மாறிட்டேனா?" என்று கேட்டாள். தினமும் கூடவே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? இல்லையே என்றேன்.

போன வருஷம், பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதே தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் இருக்கும் என் தொழிற்சாலையிலிருந்து பாலம் தாண்டி நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவள் பேசும் நிலையில் இல்லை. அதற்குப் பிறகு பேசவும் இல்லை.

4

நிலாவிடம் கார்ட்டூன் என்று சொன்னால் கோபம் வரும். அனிமே என்று சொல்ல வேண்டும். அதையும் ஜப்பானிய மொழியில்தான் பார்ப்பாள். டப்பிங் என்றால் முகத்தைச் சுளிப்பாள். அவள் அம்மாவுக்கு இதில் வருத்தம் இருந்தது. "நான் உப்புத் தண்ணி கொப்பளிச்சதெல்லாம் உனக்கு வேணாம்ல?" என்று கேட்பாள்.

நான் என் பங்குக்கு வம்புக்கு இழுப்பேன். எல்லாப் பெண்ணுக்கும் ஒரே முகம், தலைமுடி நிறம் மட்டும் வேறு. கண் பாதி முகத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. சண்டைக்குப் போகிறவள் இப்படியா உடுத்திக்கொண்டு போவாள்? நிலா விடமாட்டாள்.

"நீங்க சும்மா அத மட்டும் பாக்குறீங்கப்பா. மெஷின் ரிப்பேர் பண்ற பொண்ணு இருக்கா, வாள் சண்ட போடுறவ இருக்கா. உங்க சீரியல்ல என்ன இருக்கு? ஒண்ணு அழுவாங்க, இல்லனா விஷம் வைப்பாங்க."

அவளிடம் வகைகளுக்கு ஜப்பானியப் பெயர்கள் இருந்தன. சிடுமூஞ்சிக்கு சுண்டெரே, ஐஸ்கட்டிக்கு கூடெரே. அம்மாவும் மகளும் ஒரு நாள் சோபாவில் உட்கார்ந்து, சாலிகிராமத்துப் பெயரையும் ஜப்பான் பெயரையும் பொருத்திப் பொருத்தி விளையாடினார்கள். அப்போது சுகந்திதான் கேட்டாள்: "இதுல அம்மாங்கள்லாம் எந்த வகை?"

"அம்மாக்கு வகை எல்லாம் இல்லம்மா. கிச்சன்ல திரும்பி நிப்பாங்க. மூஞ்சி காட்ட மாட்டாங்க, நிறைய பேருக்குப் பேர்கூட இருக்காது. இல்லனா ஃபோட்டோல இருப்பாங்க." பிறகு சிரித்துக்கொண்டே, "முடிய லூஸா கட்டி ஒரு சைடு தோள்ல போட்டிருந்தா முடிஞ்சுது. அவங்க கண்டிப்பா செத்துருவாங்க" என்றாள். சுகந்தி உடனே தன் பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு கண்ணை உருட்டினாள். மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதுதான் இப்போது தாங்கவில்லை.

அவள் போன பிறகு நிலா வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டாள். கேட்டதற்கு "ம்", "இல்ல", "தெரியல". படம் பார்த்துச் சிரித்த ஐஸ்கட்டி வகையில் ஒருத்தியை நான் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அதுகூட அனிமே சொல்லும் பொய்தான். அந்த வகைப் பெண் பேசாமலிருந்தால் அழகு, மர்மம் என்கிறார்கள். பக்கத்து அறையில் இருந்து பாருங்கள், அதில் ஓர் அழகும் கிடையாது.

இரண்டு மாதத்துக்கு முன்பு அவளுடைய விசாவைப் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போயிருந்தோம். நல்ல பெண்மணி ஒருத்தி கவுண்டரில் இருந்தாள். அம்மா எங்கே என்று மலாயில் கேட்டாள். நிலா, "தாக் அடா" என்றாள். இல்லை என்று அர்த்தம். கடையில் மாவு தீர்ந்துபோனாலும் இங்கே அதைத்தான் சொல்வார்கள். அந்தப் பெண், அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, பரவாயில்லை, நாளைக்குக் கூட்டிக்கொண்டு வா, கையெழுத்துப் போடட்டும் என்றாள். நான்தான் என் ஓட்டை மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் எழுந்து கண்ணாடிக்குக் கீழே கையை நீட்டி நிலாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் நிலா, "செத்துட்டாங்கன்னு சொல்ற வார்த்த எனக்குத் தெரியும்ப்பா. சொல்ல வரல" என்றாள்.

5

குரல் தொழில் செய்தவள் வீட்டில் குரலுக்கு என்ன பஞ்சம் என்றுதான் தேட ஆரம்பித்தேன். பஞ்சம்தான்.

கல்யாண வீடியோவைப் போட்டோம். நம் ஊர் வீடியோக்காரர்களை உங்களுக்குத் தெரியுமே. முகூர்த்தத்திலிருந்து மொய் எழுதுவதுவரை எல்லாச் சத்தத்தையும் அழித்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். சுகந்தி என் காதில் ஏதோ சொல்கிறாள், நான் சிரிக்கிறேன். பின்னால் ஒரு பின்னணிப் பாடகர் உருகுகிறார். என்ன சொன்னாள் என்பது எனக்கே ஞாபகமில்லை.

போனில் எடுத்த வீடியோக்கள் நிறைய இருந்தன. ஆனால் கேமராவைக் கண்டாலே அவளுக்குத் தொழில் புத்தி வந்துவிடும். நிலாவின் பிறந்தநாள் கேக் முன்னால் சிடுமூஞ்சிக் குரலில், "நான் ஒண்ணும் உனக்காக இந்தக் கேக்கை வாங்கலை!" என்கிறாள். கடற்கரையில் சின்னப் பையன் குரலில் கத்துகிறாள். எல்லாவற்றிலும் வேறு யாரோதான் பேசுகிறார்கள். வாய்ஸ் நோட் அனுப்பச் சொன்னால், "பேமெண்ட் யார் குடுப்பா?" என்று எழுதித்தான் அனுப்புவாள்.

சரி, டப்பிங்கே இருக்கிறதே என்று நிலா தேடினாள். யார் யாரோ டிவியிலிருந்து பிடித்து இணையத்தில் போட்டுவைத்த பழைய தமிழ்ப் பகுதிகள் கிடைத்தன. டப்பிங்கைத் தொடாதவள் முழு சனிக்கிழமையும் உட்கார்ந்து கேட்டாள். இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி காலால் தரையை உதைத்துக்கொண்டு யாரையோ திட்டினாள். அது சுகந்தி என்று எனக்கு நிச்சயம். நிலா தலையை ஆட்டினாள்.

"இது அம்மா செய்யிற வாய்ஸ். அம்மா வாய்ஸ் இல்ல."

அவள் சொன்னது சரி. மணிக்கணக்கில் சுகந்தி பேசியது உலகத்தில் இருக்கிறது. அவளாகப் பேசிய ஒரு நிமிஷம் இல்லை.

சுகந்தியோடு வேலை பார்த்த ஜெயந்திக்கு போன் செய்தேன். அந்த அம்மாள் இன்னும் சென்னையில் டப்பிங் பேசுகிறாள். வயதாகிவிட்டதால் இப்போது அம்மா வேஷங்கள்தான் வருகின்றனவாம்.

"பெரிய வேஷத்துல தேடாதீங்க சார்" என்றாள். "அதெல்லாம் பண்ணின குரல். கிச்சன்ல முதுகைக் காட்டிட்டு ஒரு வரி பேசுவாங்க பாருங்க சில அம்மாங்க, அதைத் தேடுங்க. அதுக்குன்னு தனியா ஆள் கூப்பிடமாட்டாங்க. சாயங்காலம் கிளம்பற நேரத்துல யார் மைக் முன்னாடி நிக்கறாங்களோ அவங்க பேசிட்டுப் போயிடுவோம். வாய் தெரியாதே, பொருத்திப் பேசணும்னு கூட இல்ல. அதுக்குப் போய் யார் சார் குரலை மாத்துவா? வீட்டுல பேசற மாதிரி பேசிட்டு பையைத் தூக்கிட்டு ஓடிடுவோம்."

6

அதன் பிறகு தேடுவது சுலபமாக இருந்தது. அம்மாக்கள் எங்கே வருவார்கள் என்று நிலாவுக்கு மனப்பாடம். முதல் பகுதியில் பையன் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வருவார்கள், இல்லாவிட்டால் அவன் அடிபட்டு விழும்போது நினைவில் வருவார்கள். நடுவில் அவர்களுக்கு வேலையில்லை. ஒவ்வொன்றாக ஓட்டி ஓட்டி, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு சமையலறையில் நிறுத்தினாள்.

மேசைமேல் சோற்றுக் கிண்ணம். ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கும் ஒரு பெண், இடுப்பில் ஏப்ரன். முடியைத் தளர்வாகக் கட்டி ஒரு தோளில் போட்டிருக்கிறாள். நிலாவும் அதைக் கவனித்தாள். வாசலில் பையன் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறான். திரும்பாமலேயே அந்தப் பெண் பேசினாள்.

"டேய், சாப்பிட்டுட்டுப் போடா. மழை வர மாதிரி இருக்கு. குடை எடுத்துக்கிட்டியா?"

பையன் பதில் சொல்லாமல் ஓடிவிட்டான். அவ்வளவுதான் அந்தக் காட்சி.

அவள்தான். சிணுங்கல் இல்லை, சர்க்கரை இல்லை. கல்யாணமான புதிதில் அம்பத்தூர் வீட்டு மாடியிலிருந்து, நான் சைக்கிளை எடுக்கும்போது குனிந்து பேசுவாளே, அதே குரல். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். முகம்கூட வரையத் தகுதியில்லை என்று விட்டுவிட்ட ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் என் சுகந்தி இத்தனை வருஷமாக நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலாவைப் பார்த்தேன். அவள் அழவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு முறை போட்டாள். மறுபடியும் போட்டாள். கணக்குப் பாடத்தில் விடை வராதபோது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"இவங்களா ப்பா?"

"அம்மாதான்டா. கேளு, நல்லாக் கேளு."

"ரொம்ப சின்னப் பொண்ணா இருக்காங்க. இவ்ளோ ஸ்பீடா அம்மா பேச மாட்டாங்க." படத்தை நிறுத்தினாள். "இது உங்க சுகந்தி ப்பா. எனக்கு இவங்கள தெரியாது."

அந்த வரியைப் பேசியபோது அவளுக்கு இருபத்திமூன்று வயது இருக்கலாம். பிள்ளை பெறவில்லை. கிளினிக்கையும் பார்க்கவில்லை, 'லா'வையும் கேட்டதில்லை. நிலாவின் அம்மா இந்தத் தீவில் உண்டானவள். காத்திருக்கிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பாசாரில் பேரம் பேசிப் பேசி, வேலை முடிந்து ஒன்பது மாடி ஏறி வந்து மகளைக் கூப்பிட்ட அந்தக் குரலை யாரும் எங்கேயும் பதிவு செய்யவில்லை. மகளுக்காகத் தேடப் போனதில் எனக்கு என் மனைவி கிடைத்துவிட்டாள். மகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் முன்னால் அழுததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

நிலா காட்சியை முதலுக்குக் கொண்டுபோனாள். சத்தத்தை முழுக்கக் குறைத்தாள்.

"நீங்க சொல்லுங்க."

"என்னத்தை?"

"அம்மா சொல்ற மாதிரி."

படம் ஓடியது. அந்தப் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த வரியைச் சொன்னேன்.

"ஐயோ, இது ஃபேக்டரில சொல்ற மாதிரி இருக்கு" என்றாள். "'சாப்பிட்டுட்டு'ன்னு அம்மா சொல்ல மாட்டாங்க. 'சாப்டு போ லா'. 'லா'வ இழுக்காதீங்க, பட்டுன்னு விடணும்."

பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் இருந்தும் எனக்கு அந்த 'லா' ஒட்டவே இல்லை. என் வாயில் அது விருந்தாளி மாதிரி நிற்கும். மறுபடியும் சொன்னேன்.

"இப்ப சரி. ஆனா கோவமா சொல்லாதீங்க. அம்மாக்குக் கோவம் இல்ல."

"பின்னே எப்படி?"

யோசித்தாள். "டயர்டா" என்றாள். "ரொம்ப டயர்டா இருப்பாங்க. ஆனா நான் பதில் சொல்ற வரைக்கும் நிப்பாங்க."

படத்தை மறுபடி ஆரம்பத்துக்குக் கொண்டுபோனாள். நான் நாளெல்லாம் பெயர் கூப்பிட்டுவிட்டு மாடி ஏறி வந்த ஒருத்தியை நினைத்துக்கொண்டேன்.

"சாப்டு போ லா. மழ வரும் போல இருக்கு. கொட எடுத்துகிட்டியா இல்லியா?"

நிலா திருத்தவில்லை. திரையில் பையன் ஓடிப்போனான், கதவு சாத்திக்கொண்டது. அவள் என் பக்கம் திரும்பாமல் அந்தப் பெண்ணின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துகிட்டேன்மா" என்றாள்.